முதல்ல தொடப்பம், அப்பறம் கோபுரம்

வா தம்பி, உக்காரு. கையில இன்னா, சுருட்டின காயிதம்? புதுக் கோயில் படமா? விரி, பாக்கறேன்.

அடேங்கப்பா! ரெண்டு பக்கமும் கோபுரம், நடுவுல கண்ணாடி, முன்னாடி புல்லுத்தரை. புல்லுத்தரையில வெள்ளைக்காரக் கொழந்த ஒண்ணு பலூன் வச்சிக்கினு நிக்குது. நம்ம ஏரிக்கரை உப்பு மண்ணுல புல்லு மொளைச்சாலே அது மாதா செஞ்ச புதுமைதான். இந்தக் கொழந்த எந்த அன்பியம்? யாரு வூட்டுப் புள்ள? கம்ப்யூட்டர்ல படம் போட்டவன் நம்ம குப்பத்துக்கு வந்ததே கெடையாதுன்னு மட்டும் நல்லாத் தெரியுது.

"பெரியப்பா, பழைய கோயில இடிச்சிட்டுப் புதுசா கட்டப் போறோம், ஒங்க கருத்து வேணும்"னு கேக்கற. எளாவூர்ல என் கருத்த எவன் கேட்டான் இதுவரைக்கும்? கருத்துன்னா எவ்ளோ, ஐயாயிரமா, பத்தாயிரமா? சிரிக்காத. பணம் கொடுக்கறவன் கருத்தும் கொடுப்பான், அதான் வழக்கம். நான் பொன்னியம்மனுக்குக் கூழு ஊத்தறவன்தான். ஆனா மகிமை மாதா திருவிழான்னா பழவேற்காட்டுக்குக் கெளம்பிடுவேன். மெழுகுதிரி கொளுத்தறவன் கேள்வி கேக்கக் கூடாதுன்னு ஒங்க சபைச் சட்டத்துல எங்கியும் எழுதல இல்ல?

கோயில் கட்டறதுக்கு நம்ம ஜனங்க வச்சிருக்கற முறை எனக்கு அத்துப்படி. அதையே வரிசையா சொல்றேன், எழுதிக்கோ.

மொத விதி: எடுத்த ஒடனே இடிச்சிடு. இடிச்சப்பறம் "இடிக்கலாமா"ன்னு எவனும் கேக்க முடியாது பாரு.

பழவேற்காட்டையே எடுத்துக்கோ. போர்ச்சுகீசுக்காரன் வந்து 1515-ல மாதாவுக்குக் கோயில் கட்டினான். சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்துலயே மூத்த கோயில்னு அதுக்குப் பேரு. அப்பறம் டச்சுக்காரன் வந்தான். அவன் வேற சபை. 1613-ல கெல்ட்ரியா கோட்டையக் கட்டினான், துணி வாங்கினான், காசு அடிச்சான். 1690-ல தலைமையிடத்த நாகப்பட்டினத்துக்கு மாத்திக்கினான். 1825-ல ஊரையே இங்கிலீஷ்காரன் கையில கொடுத்துட்டுக் கெளம்பிட்டான். கோட்டை இப்போ பொதரு மண்டின மேடு. மாதா மட்டும் எங்கியும் போவல. ராசாங்கம் மாறினாலும் பாதிரியாரு மாறினாலும் வலைக்காரன் வேண்டுதல் மாறல. அத்தினி பேரையும் தாண்டி வந்த கோயிலோட பழைய கட்டடத்த நம்ம காலத்துல நாமளே எறக்கிட்டோம். இன்னிக்கு நீ போயி கும்பிடறது புதுக் கட்டடம்.

அதே ஊர்ல டச்சுக்காரன் கல்லறைத் தோட்டம் இருக்கு. வாசல்ல ரெண்டு எலும்புக்கூடு செதுக்கி வச்சிருக்கான், பாத்திருப்ப. அது மத்தியத் தொல்லியல் துறை காவல்ல இருக்கு. அந்த மாதிரி பாதுகாத்த எடத்தச் சுத்தி 100 மீட்டருக்குப் புதுசா ஒண்ணும் எழுப்பக் கூடாது, அதுக்கு மேல இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டணும்னு 2010-ல சட்டத்தையே திருத்தினாங்க. செத்துப்போன பரங்கி குழிப் பக்கத்துல செங்கல் வைக்கணும்னா டெல்லி வரைக்கும் கேக்கணும். உசுரோட இருக்கற ஜனம் கும்பிடற சுவத்த இடிக்கணும்னா பூசை முடிஞ்சப்பறம் அஞ்சு பேரு கையத் தூக்கினாப் போதும்னு நீங்க நெனச்சிக்கினு இருக்கீங்க. நல்லா இருக்குது நியாயம்!

பழசுன்னா தொடவே கூடாதுன்னு நான் சொல்ல வரல. மயிலாப்பூர்ல சாந்தோம் கோயிலு இருக்கே, போர்ச்சுகீசுக்காரன் கட்டின பழசை எறக்கிட்டு 1896-ல அபிஷேகம் பண்ண கட்டடம்தான் அது. அன்னிக்கு அது புதுசு. இன்னிக்கு அதத்தான் பழம்பெருமைன்னு படம் புடிக்கறோம். புதுசும் நின்னாப் பழசாயிடும். நிக்கணும் இல்ல?

அதனால ரெண்டாவது விதி: நிக்குமான்னு பாக்காத. சிமெண்ட்டும் கம்பியும் போட்டாக் கலியுகம் முடியற வரைக்கும் நிக்கும்னு மேஸ்திரி சொல்வான், நம்பிடு.

போன வாரம் ஒங்க கோயிலு வடக்குச் சுவத்தப் போயிப் பாத்தேன். "சுவரு உளுத்துப் போச்சு"ன்னு நீ சொன்ன சுவரு. ஆளு ஒசரத்துக்குப் பூச்சு உப்பிக்கினு நிக்குது. மடக்கின வெரலால தட்டினா 'டொக்கு டொக்கு'ன்னு கூடு சத்தம். ஒரு ஓரத்த நகத்தால நெம்பினேன், உள்ளங்கை அகலத்துக்கு வில்லையாப் பேந்து வந்திச்சு. வந்தது இன்னான்ற? நம்ம காலத்துல எவனோ அழகு பண்றேன்னு மேல அப்பின சிமெண்ட். அதுக்கு உள்ள பழைய சுண்ணாம்புக் காரை, கிளிஞ்சத் துண்டு வெள்ளை வெள்ளையாத் தெரியுது. மேல பஞ்சு கணக்கா உப்பு பூத்திருக்கு. காரைய நகத்தால கீறிப் பாத்தேன், நகம்தான் தேஞ்சிது.

சுவரு கெட்டுப் போவல தம்பி, அதுக்கு மூச்சு முட்டுது. தரையில இருந்து உப்புத் தண்ணி சுவத்துல ஏறும், ஏரிக்கரையில அத எவனும் தடுக்க முடியாது. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்த வெளிய வுட்டுடும். வெயிலு அடிச்சா காஞ்சிடும். மேல சிமெண்ட்ட அப்பிட்டா ஈரம் வெளிய போவ வழியில்ல. உள்ளயே தங்கி, உப்பு பூத்து, பூச்சத் தள்ளும். வியாதி சிமெண்ட்டுக்கு, அறுத்துப் போடப் போறது சுவத்த!

அந்தக் காரை சாமானியமா வந்ததில்ல. ஏரியில கிளிஞ்ச வாரி, சூளை போட்டுச் சுட்டு, தண்ணி தெளிச்சு நீத்து, மணலோட சேத்து மாடு கட்டின செக்குல அரைச்சு, கடுக்காத் தண்ணியும் வெல்லமும் ஊத்தி ஊற வச்சு எடுப்பாங்க. சுண்ணாம்புக்குளம் பக்கத்துக் கெழவங்கள கேளு, கிளிஞ்ச சூளைக் கதை சொல்வாங்க. மேல பாத்தியா, தேக்கு உத்திரத்து மேல செங்கல்ல நிக்க வச்சு சுண்ணாம்புல அடுக்கின தளம். மெட்ராஸ் டெரஸ்னு ஊரு பேரு வச்சே கூப்புடற வேலை. ஒழுகுதுன்னா மேல தட்டோடு மாத்தணும். அதுக்காகத் தளத்தையே எறக்குவியா?

கம்பி கட்டினது மட்டும் சும்மா இருக்குமா? உப்புக் காத்து சிமெண்ட்டுக்குள்ள நொழைஞ்சா கம்பி துரு புடிக்கும். துரு புடிச்ச கம்பி பருக்கும். பருத்தா வெளியில இருக்கற சிமெண்ட்டப் பொளந்துக்கினு எட்டிப் பாக்கும். கரையோரத்துல சுனாமிக்கு அப்பறம் கட்டின வூடுங்களப் போயிப் பாரு, கம்பி எட்டிப் பாக்கற வூடு கண்ணுல படாமப் போவாது. காசு மிச்சம் புடிக்க எவனாவது உப்பு மணலக் கலந்தா இன்னும் வேகம். புதுசா கட்டறதுன்னாலும் கட்டு. கம்பிக்கு மேல சிமெண்ட் கனம் எவ்ளோ, மணலு எங்க அள்ளினது, தண்ணி நல்ல தண்ணியான்னு கேக்கத் தெரிஞ்ச ஒரு ஆளக் கமிட்டியில வச்சிக்கோ. பளிங்குக் கல்லு இன்னா கலருன்னு கேக்க எட்டு பேரு இருக்காங்க, போதும்.

மூணாவது விதி: அனுமதி கினுமதின்னு நேரத்த வீணாக்காத. அடிக்கல்ல நட்டுடு, அனுமதி தானா வரும்.

வரும், வரும். நம்ம எளாவூர் செக்போஸ்ட்டுல லாரி வரிசை கட்டி நிக்குமே, அந்த மாதிரி ஒன் ஃபைலு ஒவ்வொரு ஆபீஸ் வாசல்லயும் நிக்கும். பஞ்சாயத்து எல்லையில புதுசா வழிபாட்டுக் கட்டடம்னா கலெக்டர் முன்அனுமதி வேணும். ஏரிக்கரைன்னா கடலோர ஒழுங்குமுறை மண்டலம்னு தனியா ஒரு கயிறு இருக்கு. நம்ம பக்கத்து ஏரிய 1980-லயே பறவைகள் சரணாலயம் ஆக்கிட்டாங்க, அந்தக் கயிறு வேற. அப்பறம் ஒங்க சபையோட சட்டம். உபதேசியாரத்தான் கேட்டேன். ஆயரு எழுத்துல சம்மதம் கொடுக்காமக் கோயில் கட்ட முடியாதாம். பங்குப் பேரவை ஆலோசனை மட்டும்தான் சொல்லலாமாம். நிதிக்குழு கட்டாயம் இருக்கணுமாம். கமிட்டிக்கு அதிகாரம் கம்மின்னு நீ மொகத்தத் தொங்கப் போடாத. ஆலோசனை சொல்ற எடம்னா நெஞ்சுல பட்டத வெளிய சொல்ற எடம். பங்குத் தந்தை மூணு, அஞ்சு வருசத்துல மாத்தலாகிப் போயிடுவாரு. கட்டடமும் கடனும் ஒங்ககிட்டதான் இருக்கும்.

நாலாவது விதி: பெருசாக் கட்டு. பக்கத்து ஊரு கோபுரத்தவிட ரெண்டு அடியாவது ஒசரமா இருக்கணும். ஆளு வருமான்னு எண்ணாத, எண்ணினா விசுவாசம் கொறைஞ்சிடும்.

எண்ணித்தான் பாரேன் நைனா. ஒன் வயசுப் பசங்க எங்க? கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல பாதி, தடா தாண்டி ஸ்ரீசிட்டியில மீதி. ஞாயித்துக்கெழமையும் ஷிப்ட். சில பேரு துபாய்ல இருந்து போன்லயே பூசை பாக்கறாங்க. ஏரியில இறால் கொறைஞ்சிக்கினே வருது. முகத்துவாரம் மண்ணடிச்சு மூடிக்கினா வலையில கஞ்சிக்குக்கூட வுழறதில்ல. ஸ்ரீஹரிகோட்டாவுல ராக்கெட்டு வுடற நாளைக்கு கடல்ல எறங்கக் கூடாது. அடுத்த தலைமுறை இங்க எத்தினி பேரு இருப்பாங்கன்னு தெரியாம ஆயிரம் பேருக்கு பெஞ்சு போடற.

பழவேற்காட்டுல கோட்டை கட்டினானே டச்சுக்காரன், அவன் நாட்டுலயே இன்னிக்குக் கோயில நடத்த ஆளு இல்லாம வேற வேலைக்குக் கொடுக்கறான். சில ஊர்ல பழைய கோயிலு புத்தகக் கடையா நடக்குது. பூசை இருந்த எடத்துல காபி கூட விக்கறாங்க. அங்க கட்டடம் பத்தாமப் போவல, ஆளுதான் பத்தல.

ஆளு கொறைஞ்சாலும் கட்டடத்துக்கு வேலை இருக்கு, அத ஏன் யாரும் படத்துல வரையல? புயலு வந்தா ஜனம் எங்க ஓடி வரும்? கூரை போட்ட வூட்டுல இருந்து மாதா கோயிலுக்குத்தானே? அப்போ தரைய ஒசத்தணும், தாத்தா பாட்டி ஏற சரிவு வேணும், மழைத் தண்ணியச் சேத்து வைக்கத் தொட்டி வேணும். இங்க போரு போட்டா வர்றது உப்புத் தண்ணி. பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் வேணும். ஒன் படத்துல கோபுரம் ரெண்டு இருக்கு, கக்கூஸ் ஒண்ணுகூட இல்ல. வெள்ளைக்காரக் கொழந்த எங்க போவும்?

அஞ்சாவது விதி, கடைசி விதி: "எல்லாரும் சேந்து எடுத்த முடிவு"ன்னு நோட்டுல எழுதிக்கோ. எல்லாரும்னா கமிட்டியில இருக்கற ஆம்பளைங்க எல்லாரும்.

திருநெல்வேலிச் சீமையில வடக்கன்குளம்னு ஒரு ஊரு. 1872-ல அங்க திருக்குடும்பக் கோயில் கட்டி முடிச்சாங்க. அதுவும் யோசிச்சு வரைஞ்ச பிளான்தான். பீடம் ஒண்ணு, அதுல இருந்து பிரிஞ்சு போற கூடம் ரெண்டு, நடுவுல தடுப்பு. ஒசந்த சாதின்னு சொல்லிக்கினவங்க ஒரு பக்கம், மத்தவங்க ஒரு பக்கம். ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம ஒரே சாமியக் கும்பிடலாம்! 1910-ல கௌசானல் சாமியாரு அந்தத் தடுப்ப இடிச்சாரு. ஆத்திரப்பட்டவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. மெட்ராஸ் ஐகோர்ட்டு வரைக்கும் இழுத்தும் சுவரு திரும்ப வரல. மனசுல இருக்கறது செங்கல்லுல வந்திடும் தம்பி. அப்பறம் அத எடுக்கறதுக்கு ஒரு தலைமுறை சண்டை போடணும். ஒன் படத்துல முன்வரிசை நாற்காலி "நன்கொடையாளர்"னு எழுதி இருக்கே, அதுவும் ஒரு தடுப்புதான், ஒசரம்தான் கம்மி.

சரி, விதி எல்லாம் முடிஞ்சுது. கிண்டல் போதும். ஏரியில மீன் புடிக்கற எடத்த 'பாடு'ன்னு பிரிச்சு முறை வைப்பாங்களே, அந்தப் பாட்டு முறை தெரியும் இல்ல ஒனக்கு? அத நெனச்சுப் பாரு.

முகத்துவாரத்துக்கிட்ட இருக்கற பாட்டுல இறால் ஏறும், தள்ளி இருக்கற பாட்டுல அவ்ளோ ஏறாது. எல்லாருக்கும் நல்ல எடம்தான் வேணும். வெட்டுக்குத்து வராம இருக்க பெரியவங்க சீட்டுக் குலுக்கினாங்க. சீட்டு வுழுந்த பாட்டுல சுத்துவலை கட்டு, ஒன் முறை முடிஞ்சா நகரு. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம்னு அம்மனக் கும்பிடறவனும் மாதாவக் கும்பிடறவனும் முறை வச்சுத்தான் ஏரியில எறங்கினாங்க. பணக்காரனுக்குத் தனிச் சீட்டு கெடையாது. நல்ல பாட்டு இன்னிக்கு எனக்கு, நாளைக்கு ஒனக்கு.

அதுக்காகப் பாட்டையும் தலைமேல தூக்கி வச்சு ஆட வேணாம். கல்யாணம் ஆன ஆம்பளைக்குத்தான் அதுல பங்கு. பறியப் பல்லுல கவ்விக்கினு கையால தடவி இறால் புடிக்கற இருளருக்குப் பங்கு இல்ல, பொம்பளைங்களுக்கும் இல்ல. முறை வைக்கற புத்திய எடுத்துக்கோ, ஆள வெளிய நிறுத்தற புத்திய ஏரியிலயே வுட்டுட்டு வா.

இப்போ நெசமாவே எழுதிக்கோ. கூட்டத்த மீன் ஏலம் முடிஞ்சு பொம்பளைங்க வூடு திரும்பினப்பறம் போடு. அவுங்க வியாபாரத்துக்குப் போன நேரத்துல கூட்டம் போட்டுட்டு "யாரும் எதிர்ப்புச் சொல்லல"ன்னு எழுதாத. தலைக்கட்டுக்கு இவ்ளோன்னு வரி போடுவீங்க. அப்போ புருசன் இல்லாதவ வூடும் தலைக்கட்டுதான்னு மொதல்ல தீர்மானம் போடு, வரிய கொறைச்சாலும் வாக்க கொறைக்காத. பொழப்புக்கு வெளியூரு போனவன்கிட்ட கூகுள் பே நம்பரு மட்டும் அனுப்பாம, ஊருக்குத் திரும்பி வருவியான்னும் கேளு.

கம்ப்யூட்டர் படத்த எல்லாரும் பாத்தா எல்லாரும் "நல்லா இருக்கு"ன்னுதான் சொல்வாங்க. அந்தப் பிளான கோயில் மைதானத்துல சுண்ணாம்புத் தூளால கோடு போட்டு வரை. ஜனத்த அதுக்குள்ள நடக்க வுடு. பாட்டி இங்க உக்காருவா, சப்பரம் இந்த வழியில திரும்பாது, வெயிலு இங்க அடிக்கும்னு அப்போ அவுங்களே சொல்வாங்க. ஒரு மூட்டை சுண்ணாம்புச் செலவு. இன்ஜினியர் சார்ஜவிட சல்லிசு.

கோயில் பழுது பாக்கத் தெரிஞ்ச, சுண்ணாம்பு வேலை செஞ்ச கொத்தனாரு ஒருத்தரையும் புதுசு கட்டறவன் ஒருத்தனையும் ஒண்ணா வரவழை. ரெண்டு பேரு கணக்கையும் கரும்பலகையில எழுதி வாசல்ல மாட்டு. பழுது பாக்க இவ்ளோ, புதுசுக்கு இவ்ளோ, அடுத்த இருபது வருசம் வெள்ளை அடிக்க, கரண்டு பில்லு கட்ட, தளம் பாக்க இவ்ளோன்னு மூணு கணக்கு. மூணாவது கணக்கு எழுதாத கமிட்டி கட்டற கட்டடத்துல பொறா மட்டும்தான் குடும்பம் நடத்தும்.

அப்பறம் சீட்டுக் குலுக்கு. இடிக்கறதா வேணாமான்னு இல்ல, அத பேசித்தான் முடிவு பண்ணணும். யாரு எந்த வாரம் பெருக்கறது, யாரு தளத்து மேல ஏறி மழைத் தண்ணிக் குழாய் அடைப்பு எடுக்கறது, யாரு கணக்கு எழுதறது, இதுக்குக் குலுக்கு. இத்தினி வருசமா கோயில் பிள்ளை ஒருத்தரும் நாலு கெழவிங்களும் பெருக்கறாங்க, கையத் தூக்கறது மட்டும் வேற ஆளு. கமிட்டித் தலைவருக்கும் தொடப்பம் வுழட்டும். தானே ஒரு வருசம் பெருக்கிப் பாத்தவன் கோயில எவ்ளோ பெருசா கேப்பான்னு அப்பறம் பாரு. "வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்"னு சொன்னவங்க கோயிலைச் சேக்காம வுட்டது மறதியில இல்ல. வூட்ட ஒருத்தன் கட்டறான், அவனே பெருக்கிக்கறான். கோயில எல்லாரும் கட்டறாங்க, பெருக்க ஆளு தேடறாங்க.

சரி, பணத்துக்கு வருவோம், நீ வந்த வேலைய வுட்டுட்டுப் போவக் கூடாது இல்ல? பத்தாயிரம் தரேன். கல்வெட்டுல என் பேரு வேணாம், எழுத்துப் பிழையோட வெட்டுவீங்க. கோபுரத்துக்கும் அதுல ஒரு பைசா எடுக்கக் கூடாது. வடக்குச் சுவத்து சிமெண்ட்ட உரிச்சு சுண்ணாம்பு பூசற கூலிக்கு, தட்டோடு மாத்தறதுக்கு, தொடப்பத்துக்கு. ரசீதுல "பராமரிப்பு"ன்னு எழுது.

இன்னா முழிக்கற? ரசீதுப் புத்தகத்துல "கட்டட நிதி"ன்னு மட்டும்தான் அச்சடிச்சிருக்கா? அப்போ எழுந்திரு. கும்மிடிப்பூண்டிக்குப் போயி "பராமரிப்பு நிதி"ன்னு ஒரு புத்தகம் அடிச்சிக்கினு வா. அச்சுக் கூலியும் நானே தரேன். அதுல வேணும்னா அட்டையில உபயம்னு என் பேரப் போட்டுக்கோ.